ஒரு காதில் கட்டளை வரி

முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் என் கண்ணில் இருப்பது ஒரு நோய் என்று தெரிந்தது. அதற்கு முன் பொழுது பட்டால் வாசல் படலையில் இடித்துக்கொள்வேன், முற்றத்து வாளியில் கால் தடுக்கும். நான் கவனமில்லாதவள் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செயலிழந்துகொண்டு வருகிறது, அதை நிறுத்த இப்போதைக்கு மருந்தில்லை என்று கண் மருத்துவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், அவசரப்படாமல் சொன்னார். வெளியே வந்து கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்காரும்வரை நான் அழவில்லை.

அப்போது யாழ்ப்பாண நகரத்தில், ஒரு மாடி வீட்டில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். அப்படி எழுத முடிவதற்குக் காரணமான தோழி ஒருத்தி இருக்கிறாள். இது பெரும்பாலும் அவளைப் பற்றியது.

எங்கள் நிறுவனம் சிறிய மருத்துவ நிலையங்களுக்கு மென்பொருள் செய்கிறது. நோயாளரைப் பதிவது, வரிசை எண் கொடுப்பது, அடுத்த வருகையை நினைவூட்டுவது எல்லாம் அதில் உண்டு. இந்த மென்பொருள் ஒரே துண்டு அல்ல. திரையில் தெரியும் பக்கம் ஒரு பகுதி, விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளம் இன்னொரு பகுதி, குறுஞ்செய்தி அனுப்புவது வேறொன்று. ஒவ்வொன்றையும் அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து ஒரு கொன்டெயினருக்குள் வைப்போம். கூடி வேலை செய்யவேண்டிய கொன்டெயினர்களை ஒரு கூட்டமாக்குவோம். அந்தக் கூட்டத்துக்குப் பொட் என்று பேர். ஒரு பொட்டுக்குள் இருப்பவை தங்களுக்குள் தாராளமாகப் பேசிக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வருவதென்றால் அந்தப் பொட்டுக்கென்று திறந்துவைத்த வாசலால்தான் வரவேண்டும். இவற்றை உருவாக்கி, அமைத்து, ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை.

அந்த நாட்களில் அதையெல்லாம் ஒரு வண்ணப் பலகையில் செய்தோம். உலாவியைத் திறந்தால் கொன்டெயினர் ஒவ்வொன்றும் ஒரு பெட்டியாகத் தெரியும். பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் போதும். கண் நன்றாக இருந்தவரை அது வசதிதான். பிறகு என் பார்வை ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போலச் சுருங்கியது. மவுஸின் அம்பைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அம்பு கிடைத்தால் பொத்தான் கிடைக்காது. பொத்தானை ஒருவாறு பிடிக்கும் நேரத்தில் எதற்காக அதைத் தேடினேன் என்பது மறந்திருக்கும்.

நிறுவனத்தை நடத்துபவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்போம். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"தங்கச்சி, கண்ணைப் போட்டு வருத்தாதேங்கோ. ரெலிபோனிலை வாற ஆக்களோடை கதைக்கிற வேலை ஒண்டு இருக்கு. சம்பளம் குறைக்கமாட்டன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் சொன்னது நல்ல மனதோடுதான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் என் மேசைக்குத் திரும்பியபோது, நான் படித்ததையும் இவ்வளவு காலம் செய்ததையும் யாரோ மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியது போலிருந்தது. ரெலிபோன் வேலையில் குறையொன்றும் இல்லை. எனக்கு அது பிடிக்காது, அவ்வளவுதான்.

என் தோழியின் மேசை எனக்குப் பக்கத்து மேசை. என் வயதுதான் அவளுக்கும். பருத்தித்துறையில் கடலோடிய குடும்பத்துப் பெண். எதையும் கொஞ்சம் உரத்துத்தான் கதைப்பாள். தங்கள் வீட்டில் கடற்காற்றோடு போட்டி போட்டுக் கதைத்துப் பழக்கம் என்பாள். பருத்தித்துறையிலிருந்து வரும் பஸ்ஸில் அவள் முதலே ஏறியிருப்பாள். நான் நீர்வேலியில் ஏறும்போது பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து எனக்காக இடம் பிடித்திருப்பாள்.

அண்ணை சொன்னதற்கு அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

"நான் இந்த மாதத்தோடை நிண்டிடுவன் போலை கிடக்கு."

"ஏன்?"

"அந்தப் பலகையிலை ஒண்டும் தெரியுதில்லை. பட்டனைத் தேடியே பொழுது போகுது."

பஸ் கோப்பாயைத் தாண்டும்போது அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"பலகை எதுக்கு?"

"எதுக்கெண்டால்?"

"பட்டனை அமத்தினால் உள்ளுக்கை ஓடுறது ஒரு கட்டளைதானே. வெறும் சொல்லு. அதை நீர் நேராய் எழுதலாம். மறுமொழியும் சொல்லாய்த்தான் வரும். சொல்லைக் காதாலை கேக்கலாம்தானே?"

"எனக்குக் கட்டளை வரி அவ்வளவு பழக்கமில்லை."

"எனக்கும் இல்லை. ரெண்டு பேரும் பழகுவம்."

அன்று மத்தியானமே தொடங்கினோம். எழுத்தை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஒன்றை என் கணினியில் அவள்தான் போட்டுத் தந்தாள். போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போகவில்லை. என் திரையை அணைத்தாள், இயர்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்தாள், மற்றதை எனக்குத் தந்தாள்.

"திரையை ஏன் நிப்பாட்டினீர்?" என்று கேட்டேன்.

"நான் பாத்துப் பாத்து உமக்குச் சொன்னால், உமக்கு எது கஷ்டமெண்டு எனக்குத் தெரியாது."

முதல் நாள் மோசமாகப் போனது. ஓடுகின்ற கொன்டெயினர்களின் பட்டியலைக் கேட்டால், கணினி ஒவ்வொன்றுக்கும் தானே வைத்த நீளமான அடையாளக் குறியிலிருந்து தொடங்கும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியைக் குரல் ஒவ்வொன்றாக வாசிக்கும். கண்ணுக்கு அது ஒழுங்கான அட்டவணை. காதுக்கு யாரோ ரெலிபோன் நம்பர்களை இடைவிடாமல் ஒப்பிப்பது போல இருந்தது. பேர் வருவதற்குள் எனக்குத் தலை சுற்றியது.

"உதை ஆர் கேட்டு முடிப்பினம்?" என்று அவள் இயர்போனைக் கழற்றினாள்.

அடுத்த நாள் பஸ்ஸில் ஏறியதும் முதல் கதையே அதுதான். பட்டியலில் பேரும் நிலையும் மட்டும் வரும்படி கேட்க ஒரு வழி இருக்கிறதாம். தேடிப் பிடித்திருந்தாள். அதைப் போட்டுப் பார்த்தபோது குரல், பக்கம் ஓடுகிறது, தரவுத்தளம் ஓடுகிறது, குறுஞ்செய்திப் பகுதி நின்றுவிட்டது என்கிற அளவுக்குச் சுருக்கமாகச் சொன்னது. மூன்று பெட்டிகளின் நிறத்தையும் ஒரு மூச்சில் கேட்டுவிட்டேன். அன்று நான் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்க மறந்துபோனேன்.

அதன் பிறகு பஸ்ஸும் எங்களுக்கு வகுப்பறையாயிற்று. கட்டளைகளை வாயால் சொல்லிப் பழகினோம். அவள் கேட்பாள், நான் சொல்வேன். "பொட் கிரியேட், டாஷ் டாஷ் நேம், கிளினிக்" என்று நான் தொடங்க, "வாசல் எங்கை? வாசலை விட்டிட்டீர்" என்று அவள் மறிப்பாள். பொட்டை முதலில் உருவாக்கவேண்டும். அதன் வாசலை அப்போதே சொல்லிவிடவேண்டும். பிறகுதான் ஒவ்வொரு கொன்டெயினரையும் அந்தப் பொட்டின் பேரைச் சொல்லி உள்ளே சேர்க்கலாம். உருவாக்கிய பிறகு வாசலை மாற்ற ஏலாது. மாற்றவேண்டுமென்றால் பொட்டையே அழித்துப் புதிதாகச் செய்யவேண்டும்.

முன் இருக்கையில் வழக்கமாக வரும் அம்மா ஒருவர் ஒருநாள் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளையள், பொட்டு விக்கிறனீங்களே? ஒவ்வொரு நாளும் பொட்டுக் கதைதான் கேக்குது."

"இல்லை அம்மா, இது வேறை பொட்டு," என்றாள் தோழி. அந்த அம்மா நம்பவில்லை. சிவப்பு இருந்தால் தனக்கும் ஒரு பைக்கற் கொண்டுவரச் சொன்னார்.

சனி, ஞாயிறுகளில் வீட்டில் பழகினேன். கணவர் வாழைத் தோட்டம் செய்கிறவர். தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஓடினால் எனக்குக் கணினியின் குரல் கேட்காது. இதை நான் அவரிடம் முறையிடவில்லை. இரண்டொரு கிழமை கழித்துத்தான் கவனித்தேன், விடியவே எழுந்து இறைப்பை முடித்துவிடத் தொடங்கியிருந்தார். கேட்டால், "வெயிலுக்கு முன்னம் இறைச்சால் வாழைக்கும் நல்லது" என்றார். வாழைக்கு நல்லதென்பது முன்னரும் அவருக்குத் தெரிந்திருக்குமே என்று நான் கேட்கவில்லை.

குரலை நான் நாளுக்கு நாள் வேகமாக்கிக்கொண்டே போனேன். ஒருநாள் ஸ்பீக்கரில் அது ஓடிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் நின்று கேட்டார்.

"உவன் ஏன் இப்பிடி ஓடுறான்? ஆரும் துரத்திக்கொண்டு வாறாங்களே?"

"நான்தான் ஓட விட்டனான்," என்றேன்.

"உமக்கு விளங்குதே?"

"ஓம், வடிவாய் விளங்குது."

அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனார். அன்று பின்னேரம் பக்கத்துத் தோட்டக்காரரிடம் அவர் அதைப் பெருமையாகச் சொல்வது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

அண்ணைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. அந்த இடைவெளியில் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவ நிலையத்தில் எங்கள் மென்பொருளை நிறுவும் நாள் வந்தது. தோழிதான் போவதாக இருந்தது. அன்று காலை அவளுடைய மகளுக்குக் காய்ச்சல். ரெலிபோன் எடுத்து, "நீர் போம். எல்லாம் உமக்குத் தெரியும்," என்றாள். அண்ணை வானை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் முன் இருக்கையில், கையில் என் மடிக்கணினியோடு.

அங்கே பின்னறையில் வைத்திருந்த கணினியோடு என் மடிக்கணினியை இணைத்து, அதில் பொட்டை உருவாக்கி, கொன்டெயினர்களைச் சேர்த்து, ஓடவிட்டேன். அதே கணினியில் பக்கம் உடனே திறந்தது. அந்த நிலையத்தில் பதிவு வேலை பார்க்கும் தங்கச்சி அதில் இருந்துகொண்டே நோயாளரின் விவரங்களைப் பதியத் தொடங்கினாள். காலை முழுக்கப் பதிந்தாள். மத்தியானம் மருத்துவர் வந்து தன் அறைக் கணினியில் திறந்தபோது பக்கம் வரவில்லை. முன் மேசைக் கணினியிலும் வரவில்லை.

அண்ணை கணினிகளை இணைக்கும் வயர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். வெளியே வாங்குகளில் உட்கார்ந்து ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. நான் இயர்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டேன். எல்லாக் கொன்டெயினர்களும் ஓடுகின்றன என்றது குரல். சரி, பொட்டையே விசாரிப்போம் என்று அதன் முழு அமைப்பையும் கேட்டேன். நீளமான மறுமொழி. அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போகும்போது வாசலின் முன்னால் ஒரு முகவரி வந்தது. ஒரு கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரி அது. எங்கள் அலுவலகத்தில் சோதனைக்காக, வெளியாட்கள் வராதபடி அப்படித்தான் வைப்போம். அந்தக் கட்டளையையே இங்கேயும் கொண்டுவந்திருந்தோம். வாசல் திறந்துதான் இருந்தது, ஆனால் உள்பக்கம் மட்டும்.

"அண்ணை, பிடிச்சிட்டன். பொட்டை அழிச்சுத் திருப்பிச் செய்யவேணும்."

"அழிக்கிறதோ? அந்தப் பிள்ளை காலமை முழுக்கப் பதிஞ்சதெல்லாம்?"

பதிந்துகொண்டிருந்த தங்கச்சியின் கை நின்றுவிட்டது. தட்டெழுத்துச் சத்தம் நின்றதில் அது எனக்குத் தெரிந்தது.

விவரங்கள் கொன்டெயினருக்குள் இருந்தால் பொட்டோடு அவையும் போய்விடும். வெளியே தனிச் சேமிப்பில் வைத்து இணைத்திருந்தால் போகாது. இணைத்தேன் என்று எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் என் நினைவை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. தரவுத்தளத்தின் அமைப்பை வாசிக்கச் சொல்லி, குரலை மெதுவாக்கி, சேமிப்பின் பேர் வரும்வரை காத்திருந்தேன். வந்தது. இன்னொரு முறை கேட்டேன். போதாதென்று ஒரு பிரதியும் எடுத்து வைத்தேன்.

"அண்ணை, அது வெளியிலைதான் இருக்கு. ஒண்டும் போகாது."

"அப்ப செய்யுங்கோ," என்றார். அவர் திரையை எட்டிப் பார்க்கவில்லை. வேறு யாரிடமும் கேட்கவுமில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அழித்தேன். புதிதாக உருவாக்கினேன், இந்த முறை வாசலை மருத்துவ நிலையம் முழுவதற்கும் திறந்து. ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அவசரத்தில் ஒரு சொல்லை இரண்டு முறை பிழையாக அடித்தேன். முன் மேசைக்கு ஓடிப்போய்த் திறந்து பார்த்த தங்கச்சியின் குரல்தான் முதலில் வந்தது.

"அக்கா, வந்திட்டுது. நான் பதிஞ்ச ஆக்கள் எல்லாரும் இருக்கினம்."

மருத்துவர் தன் அறையிலிருந்து, "இஞ்சையும் திறக்குது. முதல் ஆளை அனுப்புங்கோ," என்றார். வாங்குகள் அசையும் சத்தம் கேட்டது. எங்களை எல்லோரும் மறந்துபோனார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது சுன்னாகச் சந்தியில் வானை நிறுத்தி அண்ணை இஞ்சித் தேநீர் வாங்கித் தந்தார்.

"அந்த ரெலிபோன் வேலையை நாங்கள் வேறை ஆருக்கும் குடுப்பம், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை."

பிறகு நாங்கள் மழை வருமா வராதா என்பதைப் பற்றித்தான் பேசினோம்.

இப்போது எனக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகின்றன. வெள்ளைத் தடி வைத்திருக்கிறேன். அந்தப் பலகையை அலுவலகத்தில் இன்னும் சிலர் பாவிக்கிறார்கள். ஆனால் புதிதாக எதை நிறுவினாலும் அதன் கட்டளைகளை எழுத்தில் வைக்கவேண்டும் என்று அண்ணை ஒழுங்கு செய்துவிட்டார். காதுக்கு எது வசதி என்று புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டு எழுதுகிறார்கள். எல்லா நாளும் இலகுவானதல்ல. சில பிழைச் செய்திகள் படமாகவே வந்து தொலைக்கும். அப்போது யாரையாவது கூப்பிடுவேன். கூப்பிட எனக்கு வெட்கமில்லை.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் தோழி எங்களைப் பருத்தித்துறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்து முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். கடல் இரைவது கேட்டது. எப்படியும் சொல்லிவிடுவது என்று வந்திருந்தேன்.

"நீர் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்காட்டில் நான் இந்த வேலையிலை இருந்திருக்கமாட்டன்," என்றேன்.

"சும்மா இரும். எனக்கும் அந்தக் கலர்ப் பெட்டியள் பிடிக்கிறேல்லை," என்றாள்.

இப்படி நன்றி சொல்லும் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. மகளைக் கூப்பிட்டு, உள்ளே போய் எங்களுக்குப் பழம் கொண்டுவரச் சொன்னாள். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் கொண்டுபோன வாழைக்குலை இன்னும் நன்றாகப் பழுக்கவில்லை, இரண்டு நாள் பொறுத்துச் சாப்பிடுங்கள் என்று அவளிடம் விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவள் மிகவும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.