ஜெர்மன் ஒயினில் முதல் மடக்கு

கடைச் சிப்பந்தி என்றால் சாமான் எடுத்துக் கொடுப்பவன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் புதுக்கோட்டையில் ஒரு சீமைச் சாமான் கடையில் சேர்ந்த பிறகுதான், என் நாக்குக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்று தெரிந்தது. கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எங்கள் கடைக்கு மலிவான ஜெர்மன் சிவப்பு ஒயின் ஒன்று வரும். பானகத்தைவிடத் தித்திப்பு. ஒரு கோடையில் அது புளித்துப்போய்ப் பாட்டில் பாட்டிலாகத் திரும்பி வந்தது. அன்று முதல், வாங்குகிறவர் கண் முன்னால் பாட்டிலைத் திறந்து நான் ஒரு மடக்கு குடித்துக் காட்டித்தான் விற்க வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டார். அவர் சிவதீட்சை வாங்கியவர், தொடமாட்டார்.

குறைந்த மடக்கு

திருக்கோகர்ணத்து வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்தார். சின்னக் கிளாசில் ஊற்றிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குறைந்ததை ரொப்பித் தரச் சொன்னார். அதற்கு இன்னொரு பாட்டிலைத் திறந்தால் அதிலும் ஒரு மடக்கு போய்விடும் என்று விளக்கினேன். அரை மனதாக வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது சொன்னார்: "அடுத்த தடவை கொஞ்சம் சின்ன வாயா இருக்கிற ஆளா வைக்கச் சொல்லுங்க."

பெஞ்சில் ஒரு வாத்தியார்

ஆவூர்ப் பக்கத்து வாத்தியார் கிறிஸ்துமஸுக்கு வாங்க வந்தார். குடித்துக் காட்டினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் டின்களை அடுக்கினேன், கண்ணாடி துடைத்தேன், பார்வை நகரவில்லை. பயப்படுகிறார் போலும் என்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லை சார், தைரியமாக வாங்கலாம் என்றேன்.

"அதத்தான் பாக்குறேன். ஒங்களுக்கே ஒண்ணும் ஆகலையே, எனக்கு என்ன ஆகப்போவுது?" என்று பாட்டிலை வாங்காமலே குடையை எடுத்துக்கொண்டார்.

வாடை

போதை இல்லாவிட்டாலும் வாடை உண்டு. என் மனைவி காமாட்சி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. நான் வீட்டுக்குள் நுழைந்தாலே அவளுக்குக் குமட்டியது. இது வேலை, குடி இல்லை என்று தினமும் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை; விடாவிட்டால் குடும்பம் இல்லை என்று ஆகிவிட்டது. பிரசவத்துக்குக் கறம்பக்குடிக்குப் புறப்பட்டவள் வண்டியில் ஏறிய பிறகு சொன்னாள்: "வாடையில்லாம வாரதா இருந்தா வந்து கூப்பிடுங்க. இல்லாட்டி நான் அங்கிட்டே இருந்துக்கிறேன்."

மாமனார்

பெண் பிறந்த சேதி வந்தது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, போகத் துணிச்சல் இல்லை. அப்புறம் ஒரு நாள் மாமனாரே கடையில் வந்து நின்றார். இனிப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ, பிள்ளை பெற்ற உடம்புக்குத் தெம்பாக ஒயின் கொடுக்கும்படி டாக்டரம்மா சொல்லியிருப்பதாகச் சொன்னார். இவர் முன்னாலாவது குடிக்காமல் இருப்போம் என்று, பாட்டிலைத் திறக்காமலே காகிதத்தில் சுற்றினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"தெறங்க மாப்பிள்ளை. நீங்க குடிச்சுப் பாத்ததாத்தான் வேணுமாம் அவளுக்கு. புள்ளையப் பாக்க ஒங்களையும் கையோட கூட்டியாரச் சொன்னா. ஆனா வாயில மட்டும் வாடை இருக்கக் கூடாதாம்."

குடித்துக் காட்டிய வாயை வேப்பங்குச்சியால் தேய்த்துக்கொண்டே மாமனாருக்குப் பின்னால் கறம்பக்குடி பஸ் ஏறினேன் என்பதுதான், நான் பார்த்த உத்தியோகத்தின் மொத்தச் சுருக்கம்.