ரூவி வீடியோ கடையில் ஒரு கொள்ளைக்காரி

இன்று பழைய டிவிடி உறையொன்றைப் பிரித்தபோது எழுந்த பிளாஸ்டிக் வாசனை, சிறுவயதில் நாங்கள் வாழ்ந்த வளைகுடா ஊரான ரூவியில் இருந்த, இப்போது இல்லாத வீடியோ கடைக்கு என்னை இழுத்துப்போனது. பஞ்சகால அமெரிக்காவில் ஏழைப்பெண் ஒருத்தி கொள்ளைக்கூட்டத் தலைவியாகும் படத்தை அம்மா அங்கேதான் வாடகைக்கு எடுத்தாள்.

"சுடுற படம்மா, புள்ளைய வச்சுக்கிட்டுப் பாக்காதீங்க," என்றார் கடைக்கார பாய்.

படத்தில் அந்தப் பெண் காரோட்டும் காட்சிகளையே அம்மா, உட்காராமல், துணி மடித்தபடி, திரும்பத் திரும்பப் பார்த்தாள். டூட்டி முடிந்து வந்த அப்பாவிடம், "நான் டிரைவிங் கத்துக்கப்போறேன்," என்றாள்.

"உனக்கெதுக்கு?"

"வீட்டுக்குள்ளயே எத்தனை நாள் நடக்குறது?"

படத்தில் அந்தக் கொள்ளைக்காரியைப் போலீஸ் சுட்டுக்கொன்றதைப் பார்த்திருந்த நான், அம்மாவையும் சுட்டுவிடுவார்களோ என்று, அவள் வகுப்புக்குப் போய்த் திரும்பும்வரை தினமும் வாசலிலேயே நின்றேன். லைசென்ஸ் கிடைத்த மாலை, என்னை ஏற்றிக்கொண்டு வேகமாகக் கிளம்பினாள்.

"எங்கம்மா போறோம்?"

"தெரியல. பேசாம உக்காரு."