ரகசியக் கதவு இல்லாத வீடு

“மிக்ஸிக்கு என்னாச்சுங்க?”

“தானா நின்னு போச்சு தம்பி.”

புகழேந்தி தலையை ஆட்டுகிறார். ஜாரைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைக்கிறார். பிறகு, இதுவரை எந்தப் பேச்சும் நடக்காதது போல, அதே முகத்தோடு அதே குரலில் கேட்கிறார்: “மிக்ஸிக்கு என்னாச்சுங்க?”

வந்த அம்மாள் கடைவீதியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்துகிறார். “விரலி மஞ்சள முழுசா போட்டுட்டேன். உள்ள ஒரு ஸ்பூனும் கெடந்துருக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்.”

“இப்பப் புரியுதுங்க. சாயங்காலம் வாங்க.”

கூத்தாநல்லூர் கடைவீதியில் மிக்ஸி, கிரைண்டர், வயல் மோட்டார் எல்லாம் பழுது பார்க்கும் புகழேந்திக்கு நாற்பதை நெருங்கும் வயது. யாரிடமும் எதையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை சொல்வது ஊருக்காகச் சொல்வது, இரண்டாவது தடவைதான் விஷயம் வரும் என்பது அவர் கட்சி. பஸ்ஸில் ஏறினாலும் இதே கதைதான். ஒருமுறை “திருத்துறைப்பூண்டி போகுமா?” என்று கேட்டார். “போகும், ஏறுங்க” என்றார் கண்டக்டர். “திருத்துறைப்பூண்டி போகுமா?” என்று மறுபடி கேட்டபோது, கண்டக்டர் பெருமூச்சு விட்டு, “பின் டயரு ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டாராம். புகழேந்தி இறங்கிவிட்டார். பஸ் ஒழுங்காகத் திருத்துறைப்பூண்டி போய்ச் சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

இந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தவன் குடைக்காரன். பள்ளிக்கூடத்தில் புகழேந்தியோடு படித்த அன்சாரின் அத்தா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு டிவி கேமும் நாலு கேசட்டும் வாங்கி வந்தார். நாலும் ஒரே கதையின் பாகங்கள். கையில் குடை பிடித்த ஒரு குட்டை மனிதன் ஊர் ஊராகப் போவான். பானைகளைத் திறந்து பார்ப்பான், சுவர்களைத் தட்டிப் பார்ப்பான், எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் பேசுவான். சில சுவர்கள் கதவாகத் திறந்துகொள்ளும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. பையன்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஒரே ஆளிடம் இரண்டாவது தடவை பேசினால் எழுத்து மாறுகிறது. ஆகவே உண்மை இரண்டாவதில்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் வசனத்தை அவர்களே போட்டுக்கொண்டார்கள். கிணற்றடியில் நிற்கும் பொம்மைப் பெண் முதலில், “வாங்க தம்பி, சாப்டீங்களா?” என்பாள். மறுபடி கேட்டால், “எங்க மாமியாரு சோறு போட மாட்டேங்குது” என்பாள். நாலு பாகங்களிலும் அவள் கஷ்டம் தீரவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. குடைக்காரன் ஒவ்வொரு ஊரிலும் ஏதாவது ஒரு வீட்டுக் கட்டிலில் கொஞ்சம் படுத்து எழுந்தால்தான் அதுவரை ஆடியது அழியாமல் நிற்கும். அதனால் பெரிய வேலையைத் தொடுவதற்கு முன் புகழேந்தி படுப்பார். போன குறுவைக்கு ஒரு வயலில் நானே பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் நாற்று வாடிக்கொண்டிருக்கிறது. ஓடி வரச் சொல்லியிருந்த மெக்கானிக் வந்ததும் வராததுமாக வரப்பில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

“என்னய்யா, உடம்புக்கு முடியலையா?” என்று பதறினார் வயல்காரர்.

“சேவ் பண்ணிக்கிறேங்க. தப்பாப் போனா இதுலேருந்து திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்.”

“நீ ஆரம்பிச்சுக்குவ. எரிஞ்சா எம் மோட்டாருய்யா!”

மோட்டார் எரியவில்லை. ஆனால் வேலை நடந்துகொண்டிருந்தபோதே வயல்காரரின் தூக்குச்சட்டி, குடம், பூச்சிமருந்து டப்பா என்று மூடியிருந்த எல்லாவற்றையும் புகழேந்தி திறந்து பார்த்து மூடினார். தூக்குச்சட்டியில் எலுமிச்சைச் சோறு இருந்தது. அதைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார், அவ்வளவுதான். எதையும் எடுப்பதில்லை.

அன்சார் இப்போது துபாயில் இருக்கிறார். போன விடுமுறைக்கு வந்தபோது பழைய குடைக்காரனை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். செல்போனை எழுத்துக்கு நேராகப் பிடித்தால் தமிழில் காட்டும் வசதி வந்திருக்கிறது. கடையில் கூட்டம் கூடிவிட்டது. கிணற்றடிப் பெண்ணிடம் முதல் தடவை பேசியதை விட்டுவிட்டு, இரண்டாவது தடவை பேசியபோது போனைப் பிடித்தார்கள். “இன்று காற்று நல்லது. மீன் நல்லது. வயிறு நல்லது” என்று வந்தது.

“இவ்ளோதானா?” என்றார் அன்சார். “நாம என்னென்னவோ நெனச்சுக்கிட்டு அழுதோமேடா.”

புகழேந்தி அசரவில்லை. “செல்லுக்கிட்டயும் இன்னொரு தடவ கேளு” என்றார்.

அன்சார் கையை எடுத்துவிட்டு அதே எழுத்துக்கு நேராக மறுபடி பிடித்தார். போன் சற்றுத் தடுமாறியது. “இன்று காற்று இல்லை. மீன் இல்லை. மாமியார் இருக்கிறார்” என்று காட்டியது. புகழேந்தி ஒரு ஸ்குருடிரைவரை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இத்தனைக்கும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போன கதை டெல்டா முழுக்கப் பிரசித்தம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் பெயர் இசைவாணி. அப்பா ரெத்தினம் புதிதாக மாடி வீடு கட்டிப் பெயின்ட் வாசனைகூடப் போகாமல் வைத்திருந்தார். வேனில் வரும்போதே புகழேந்தியின் அம்மா அமிர்தம் சத்தியம் வாங்கியிருந்தார். “யார்ட்டயும் ஒரு தடவைக்கு மேல ஒண்ணும் கேக்கக் கூடாது. எதையும் தொறக்கக் கூடாது. படுக்கக் கூடாது. புரியுதாடா?”

புகழேந்தி அப்படியே இருந்தார். எதிரில் முறுக்கு டின் மூடியோடு இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மாப்ள ரொம்ப அடக்கம்” என்று ரெத்தினம் தன் மனைவியிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

அங்கே நடந்தது யாருக்கும் தெரியாது. கீழே நடந்ததுதான் தெரியும். இறங்கி வந்த மாப்பிள்ளை நேராகக் கூடத்து சோபாவில் போய் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினார். அமிர்தம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்த மாப்பிள்ளை கூடத்துச் சுவரை ஒரு மூலையிலிருந்து தட்டத் தொடங்கினார். கூடம் முடிந்து சமையலறை, அங்கிருந்து பூஜை அறை.

“தம்பி, பெயின்ட் இன்னும் காயல” என்று பின்னாலேயே போனார் ரெத்தினம்.

புகழேந்தி திரும்பி வந்து நடுக்கூடத்தில் நின்றார். “எல்லாச் செவுத்தையும் தட்டிப் பாத்துட்டேங்க. ஒரு ரகசியக் கதவுகூட இல்ல. எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்.”

“என்ன கதவு?”

“ரகசியக் கதவுங்க.”

ரெத்தினம் தன் கொத்தனாரைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்து முதலில் அவருக்குப் போன் போட்டார். பிறகுதான் விஷயம் புரிந்து கத்தினார். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அமிர்தம் வேனுக்கு ஓடினார். கூத்தாநல்லூர் வந்து சேரும்வரை அவர் மகனை அந்தத் தாம்பாளத்தால் அடித்துக்கொண்டே வந்ததாக வேன் டிரைவர் சொல்கிறார்.

அதற்குப் பிறகு புகழேந்திக்கு யாரும் பெண் கொடுக்கத் துணியவில்லை. ரெத்தினத்தின் வீட்டில் வேறு மாதிரி ஆனது. அந்தச் சொல் மனிதரைக் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலேயே நிறுத்தி, “மொதல்ல செவுத்தெல்லாம் தட்டிப் பாத்துக்குங்க, அப்பறம் கொற சொல்லக் கூடாது” என்றார். அவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். அதற்கடுத்து வந்தவர்களும் அப்படியே. இசைவாணிக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. படித்தாள், பரீட்சை எழுதினாள், இப்போது தஞ்சாவூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் வயல் மண்ணை எடுத்துக்கொண்டு போனபோதுதான் எனக்குப் பழக்கம். நான் கூத்தாநல்லூர்க்காரன், கதை எழுதுகிறவன் என்றதும், “மிக்ஸி கடைக்காரரு எப்படி இருக்காரு சார்?” என்று கேட்டாள்.

மொட்டைமாடிக் கதையை அவள்தான் சொன்னாள்.

“சம்மதமாங்கன்னாரு. சம்மதம்னேன். வீட்ல அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாங்க. அவரும் சரிங்கன்னு ரெண்டு படி எறங்கிட்டாரு. அப்பறம் நின்னு, ‘தப்பா எடுத்துக்காதீங்க, இன்னொரு தடவ கேட்டுக்கட்டுங்களா? கேக்கலன்னா எனக்குத் தூக்கம் வராது’ன்னாரு. கேளுங்கன்னேன். சம்மதமாங்கன்னாரு. கொடியில காஞ்ச துணியப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்பறம், இல்லைங்கன்னேன். சரிங்க, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுக் கீழ போயிட்டாரு. ஏன்னு கேக்கவே இல்ல.”

போன பொங்கலுக்கு அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரெத்தினம், “அப்ப நம்ம வீட்ல ஒண்ணும் கொற இல்லையாம்மா?” என்றாராம். “நீங்க எழுதுங்க சார், இனிமே ஒண்ணும் இல்ல. அவர்ட்டயும் சொல்லிடுங்க. அவரு இன்னும் லூசுப் பட்டத்தோடயே இருக்காருல்ல” என்றாள்.

இந்த நல்ல சேதியை எடுத்துக்கொண்டுதான் நேற்று கடைக்குப் போனேன். புகழேந்தி ஒரு மிக்ஸியின் அடித்தட்டை மாட்டி முடித்து ஜாரைப் பொருத்திக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் அமிர்தம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொடங்கிவிட்டார்.

“நீங்களே சொல்லுங்க சார், எம் புள்ளைக்கு என்ன கொற? எத்தனையோ பேரு பொண்ணு வீட்ல போயி வேணாம்னு சொல்லக் கேட்டுட்டு வர்றான். இவன எவளாவது வேணாம்னு சொல்லியிருக்காளா? ஒருத்தி சொல்லல. இவந்தான் போயி, தங்கமாட்டம் பொண்ண, கதவு இல்ல செவுரு இல்லன்னு வேணாம்னுட்டு வந்தான். அந்தத் திமிருகூட எம் புள்ளைக்குத்தான் வரும்.” கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கீரைக்காம்பை ஒடித்த விரல்களில் ஒரு பெருமிதம் வந்திருந்தது.

நான் சிரித்துக்கொண்டே, “புகழேந்தி, அன்னைக்கு மாடியில இசைவாணி...” என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மிக்ஸியின் ஸ்விட்சைக் கடைசிவரை திருப்பினார். வெறும் ஜார் கடைவீதியே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. “என்ன சார் சொல்றீங்க?” என்று அமிர்தம் கேட்டது உதட்டசைவில் தெரிந்தது. நான் வாயை மூடினேன். அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, புகழேந்தி இன்னொரு கையை நீட்டிப் பக்கத்திலிருந்த கிரைண்டரையும் போட்டுவிட்டார்.