நாப்பத்தெட்டாயிரத்துல பாடுன பாட்டு

போன மாசம் எங்க பிரிஞ்சாங் ஊரு சர்ச் கொயர் பாட்டுக்குழுவுல என் தனிப்பாட்டை கூடப் பாடுற ரோஸ்லினுக்குக் குடுத்துட்டாங்க. கொயர் மாஸ்டருக்கு அனுப்புன ரெக்கார்டிங்ல என் குரல் சுருதி இறங்கி இழுத்துக்கிட்டு கிடந்துச்சு. நானே கேட்டுட்டு அழுதேன்.

ரெக்கார்ட் பண்ணது சேவியர். ஸ்டாண்டர்ட் ஒன்ல இருந்து என் கூட்டாளி, அப்ப எஸ்டேட் லைன்ல பக்கத்து வீடு.

இன்னிக்கு கம்போங் ராஜாவுல இப்ப அவன் இருக்குற வீட்டுக்குப் போயி அந்தப் பைலைக் காட்டச் சொன்னேன். எங்க தப்புப் பண்ணேன்னு கேட்டுத் திருத்திக்கலாம்னுதான்.

லேப்டாப்ல பாத்தா, ரெக்கார்ட் ஆன சாம்பிள் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தைப் பதியுதுங்கற கணக்கு, 48,000. இவன் மியூசிக் சாப்ட்வேர்ல 44,100னு போட்டுத் திறந்திருக்கான். அதான் பாட்டு மெதுவாகி, குரலும் இறங்கிப் போயிருக்கு. நான் சரியாத்தான் பாடியிருக்கேன்.

"டேய், இது உனக்குத் தெரியுமா?"

"மாஸ்டருக்கு அனுப்புனதுக்கு அப்புறம்தான் பாத்தேன்லா."

"ஏன் சொல்லல?"

"அதுக்குள்ள ரோஸ்லின் பிராக்டிஸ் ஆரம்பிச்சிட்டா. சொன்னா எனக்குத்தானே வெக்கம், மானம் போயிடும்."

அவன் மானத்துக்காக நான் ஒரு மாசம் பின்வரிசையில வாயைத் தொறக்கப் பயந்து நின்னிருக்கேன். அவனும் அங்கதான் கிட்டாரோட நின்னு பாத்துக்கிட்டு இருந்தான்.

அவன் முன்னாலயே 48,000னு மாத்தி, பாட்டைக் கொயர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். கூட ஒரு வார்த்தை எழுதல.

வீடு வந்து பாத்தா குரூப்ல மாஸ்டர் கேட்டிருக்காரு: "நல்லா இருக்கே, யாரும்மா பாடுனது?"

இன்னும் பதில் போடல. என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க.