ஹைட்ரஜன் அறையில் நிலவிளக்கு

கல்லூரி வராந்தாவில் அந்தப் புகைப்படம் இன்னும் தொங்குகிறது. போன வாரம் ஒரு சான்றிதழ் வாங்கப் போனபோது பார்த்தேன். நிலவிளக்கு என்று இங்கே சொல்லும் குத்துவிளக்கின் திரியைக் கொளுத்தும் சிறப்பு விருந்தினர், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் எங்கள் துறைத்தலைவர், பின்னால் பஸ் எஞ்சின். ஓரத்தில் சிவப்புச் சிலிண்டரின் மேல் ஒரு கை மட்டும். கைக்குரிய ஆளை வெட்டிவிட்டார்கள்.

அது மேஸ்திரியின் கை. மலையாளம் பேசும் எங்கள் ஊரில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்த தமிழர். எங்கள் எஞ்சின் கூடத்தில் ஒப்பந்த ஊழியர். அந்த வேலையை நம்பித்தான் மகளை நர்ஸிங் படிக்க வைத்திருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. இயற்கை எரிவாயுவில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து பஸ், லாரி எஞ்சின்களை ஓட்டிப் பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. அளவுகளைப் பதிவேட்டில் எழுதுவது உதவியாளராகிய என் வேலை; மேஸ்திரி என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மேஸ்திரி தினமும் குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். தீப்பெட்டியை வெளியே வாதாமரத்தடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஆராய்ச்சியின் முறையான தொடக்க விழாவன்று, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த அந்த அறைக்குள்ளேயே விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேஸ்திரி பதறிப்போனார்.

"சாரே, வெளக்கை வராந்தாவுல வச்சுக்கிடுங்க. இந்த ஹைட்ரஜன் கசிஞ்சா மணமும் வராது, பத்துனா தீயும் கண்ணுக்குத் தெரியாது கேட்டோ."

"விளக்கில்லாம உத்காடனமா? எஞ்சினோட சேந்து போட்டோ வேணும் மேஸ்திரி. நீங்க சும்மா இருங்க" என்றார் துறைத்தலைவர்.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. விருந்தினர் திரியை நெருங்கியபோது ஒரு கையால் சிவப்புச் சிலிண்டரின் ஹைட்ரஜன் வால்வை இறுக மூடினார். எஞ்சின் இரண்டு முறை இருமியது. மறு கையால் இயற்கை எரிவாயுவைக் கூட்டினார், அதிலேயே ஓடியது. ஹைட்ரஜன் எஞ்சின் என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஹைட்ரஜன் அளவுமானியின் முள் பூஜ்யத்தில் கிடந்ததைத் துறைத்தலைவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவரும் தட்டினார். சீ, என்ன மனிதர்!

மறுநாள் பதிவேட்டை என் முன் தள்ளி, முந்தின வாரத்து ஹைட்ரஜன் அளவுகளை விழா நாளுக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். என் எழுத்து முத்துமுத்தாக இருப்பதாகப் பாராட்டினார். எஞ்சினை ஓட்டியவர் என்று மேஸ்திரி கையெழுத்துப் போடவேண்டும். அவர் பேனாவைத் தொடவில்லை.

"ஓடாததை ஓடுச்சுன்னு எப்படி சாரே ஒப்புப் போடுவேன்? டீச்சரே, நீங்களும் பாத்தீங்கல்லா?"

நான் குனிந்து மேசையைப் பார்த்தேன். அந்த மாதத்தோடு அவருக்கு வேலை போயிற்று. துறைத்தலைவர்மேல் அருவருப்பு என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிக்குமேல் என்மேல்தான்.

போன வாரம் வராந்தாவில் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றேன். அந்தப் படத்தில் உருப்படியாக வேலை செய்வது அந்த ஒரு கைதான். எங்கள் எல்லோரையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதற்காக அது வால்வை மூடிப் பிடித்திருக்கிறது. படத்தின் அடியில் ஒட்டிய காகிதம் பழுத்துப்போயிருந்தது. 'ஹைட்ரஜன் கலவையில் ஓடும் எஞ்சின்' என்று அதில் முத்துமுத்தாக எழுதியிருந்தது நான்தான்.