தங்கத்தாயின் ரத்தம்

1962-இல் பம்பாயின் குர்லாப் பகுதியில் பட்டறை ஒன்றில் இரும்புத் தகடு சரிந்து வேலுச்சாமியின் தொடை கிழிந்தபோது, ஆஸ்பத்திரியில் இருந்த எந்த ரத்தமும் அவனுக்குச் சேரவில்லை. பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் வகை என்றார் டாக்டர். சேர்ந்தது அவன் அக்காள் தங்கத்தாயின் ரத்தம் மட்டும். அவள் அப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி.

"எடுங்கய்யா, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று டாக்டரின் காலைப் பிடித்தாள். அவர் மறுத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் தம்பியின் மூச்சு நின்றது.

அவளுடைய தாராவி விலாசத்தை டாக்டர் எழுதி வைத்திருந்தார். ஐந்து வருடம் கழித்து ஆள் அனுப்பினார். மாதுங்காவில் கோமளம் என்ற பெண்ணுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. அண்ணன் வெங்கடராமன் தன்னுடையதில் ஒன்றைத் தருகிறார். இருவருக்கும் அதே அபூர்வ ரத்தம்தான். ஆனால் சிறுநீரகம் கொடுப்பவரிடமே ரத்தமும் எடுக்க முடியாதே.

"ஒனக்கே ஒடம்புல ரத்தமில்ல. ஊராருக்கு எதுக்குட்டி?" என்றான் கணவன் பூலோகம்.

"தம்பிக்குக் குடுக்க விடல. இதுக்காவது போறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஆபரேஷனுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாள். ஆறாம் நாள் கோமளத்துக்கு உள்ளே ரத்தம் கசிய, திரும்பவும் போய்ப் படுத்தாள். டாக்டர் மேற்கொண்டு எடுக்க மனசில்லாமல் அரை பாட்டிலோடு ஊசியை உருவிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் தலை சுற்ற, கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். ஒன்பதாம் நாள் கோமளம் இறந்துபோனாள். தங்கத்தாய்க்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து வெங்கடராமன் வழி கேட்டுக் கேட்டு வந்தார். ஒரு கையால் விலாவைத் தாங்கியபடி வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். தங்கத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, எம் ரத்தத்துல என்னமும் கோளாறு இருந்துச்சோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் நினைச்சுக்காதீங்கோ. உங்க ரத்தம் நன்னாச் சேர்ந்தது. நான் குடுத்ததுதான் அவளுக்குச் சேரலை."

டிரங்குப் பெட்டி மேல் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாத வேலுச்சாமியின் கதையை அவரிடம் சொன்னாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது, "நினைவு இருக்கற வரைக்கும் கோமளம் உங்களைக் கேட்டுண்டே இருந்தா. அந்த அக்காவை ஒரு தடவை பாக்கணும்னு" என்றார்.

இரண்டு முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போயும், எந்த வார்டு என்று கேட்டு அந்தப் பெண்ணை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தங்கத்தாய் அன்று முழுக்க அழுதாள்.