ஒப்பாரி இல்லாத கூத்து

கடலில் மாண்ட காதலனுக்காகக் கரையில் ஒருத்தி அழுது தீர்க்கும் பழைய ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்று, தொண்ணூறுகளில் எங்களுக்குப் பள்ளிப் பாடமாக இருந்தது. அதை எத்தனையோ பேர் ஓவியமாகத் தீட்டினார்கள், எத்தனையோ பேர் இசையமைத்தார்கள் என்றார் டீச்சர். ஆனால் அதை நாட்டுக்கூத்தாக்கி, நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய பாபடோயிட்டோய் ஊரின் தேவாலய மண்டபத்தில் ஆடியது என் மாமா ஒருவர்தான்.

மன்னாரில் கூத்தாடிய கால் சும்மா இருக்குமா? விமான நிலையத்தில் பகலெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு வந்து, என்னிடம் வரிவரியாகப் பொருள் கேட்டு, டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் நத்தார் விழாவுக்காகத் தமிழில் எழுதினார். என் அரைகுறைத் தமிழெல்லாம் அவர் கையில் விருத்தமாக மாறியது. காதலன் மீனவனானான், அது மாமா. காதலி மனைவியானாள். அவளுக்குக் குரல் வேண்டுமே? எங்களுக்குள் பாடத் தெரிந்தவள் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. அவளுடைய கணவர், என் சித்தப்பா, சண்டைக் காலத்தில் ஊரில் படகேறிப் போனவர். வருடக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. குரலை மட்டும் நினைத்த மாமாவுக்கு இது உறைக்கவில்லை. சின்னம்மாவும் மறுக்கவில்லை. ஒத்திகையில் ஒப்பாரி வரும்போது மட்டும், "அதை அண்டைக்குப் பாடுறன்" என்று விழா நாளுக்குத் தள்ளிவிடுவாள்.

அந்த நாளும் வந்தது. மாமா அலையில் மூழ்கி, திரைக்குப் பின்னால் போய்ப் பிணமாகப் படுத்தார். மத்தளம் ஒலித்தது. சின்னம்மா வாய் திறக்கவில்லை. மறுபடியும் மத்தளம். அவள் சபையைப் பார்த்து, "அவர் வருவார்" என்றாள். பாட்டாக அல்ல, பக்கத்து வீட்டுக்காரியிடம் கதைப்பதுபோல. பிறகு அப்படியே நின்றாள்.

மாமா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் செத்தவர் எழுந்து, சாரத்தைச் சரிசெய்துகொண்டு, மீன்கூடையோடு மேடைக்கு வந்துவிட்டார். மண்டபம் சிரித்துக் கைதட்டி ஓய வெகுநேரம் ஆனது. அம்மா மட்டும் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சரியான கோபம். கதையைக் கெடுத்துவிட்டாள் என்று காரில் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தேன். சின்னம்மா என் தலையைக் கோதினாள்.

"உங்கட பாட்டில அவன்ர உடம்பைக் கண்டெடுத்தவையோ?"

"நோ."

"பின்ன என்னெண்டு அழுறது?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பாட்டைப் பற்றிய சந்தேகம் என்று எண்ணி, திங்கட்கிழமை டீச்சரிடம் கேட்டுச் சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.